ஏழாவது கேசட்

டல்லாஸ், டெக்சாஸ்
11 பிப்ரவரி 1985

டோரீன்,

எனக்குச் சுற்றிவளைத்து எழுத வராது. உன் கேசட்டுகள் வேண்டும்.

கோனி வைஸ் எங்கிருந்தோ என் விலாசத்தைப் பிடித்துக் கடிதம் போட்டிருக்கிறாள். சிகாகோவில் ஒரு சின்ன ரெக்கார்டு கம்பெனிக்காரன், ஸ்விட்ச்போர்ட் குழு பால்கா பாரில் வாசித்த வியாழக்கிழமைகளை ஒரு இசைத்தட்டாகப் போட ஆசைப்படுகிறானாம். குழு உயிரோடு இருந்த மூன்று வருஷத்தில் வந்தது ஒரே ஒரு சின்ன ரெக்கார்டு, இரண்டே பாட்டு, அதுவும் கேட்கச் சகிக்காது. மேடையில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பது பால்காவில் நின்றவர்களைத் தவிர யாருக்கும் தெரியாது. "லியோ, நீதானே சவுண்ட் பார்த்தாய், எல்லாவற்றையும் பதிந்தாயே" என்கிறாள். பதிந்தேன். ஒன்பது ஸ்பூல் நாடா. கிளீவ்லாண்டை விட்டு வரும்போது சட்டைகளைக்கூட விட்டுவிட்டு வந்தேன், இவற்றை விடவில்லை.

போன சனிக்கிழமை போட்டுக் கேட்டேன். கோனி மட்டும்தான் இருக்கிறாள். டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, கூட்டம் இல்லை. குளியலறையில் ஒருத்தி தனியாகப் பாடிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது. காரணம் எனக்குத் தெரியும், அப்போதே தெரிந்திருக்கவேண்டும். பால்கா மாதிரிச் சின்ன இடத்தில் பாடுகிறவள் மைக் மட்டும்தான் ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸருக்கு வரும். கிட்டாருக்கு அதன் சொந்தப் பெட்டி போதும். டிரம்ஸுக்கு ஒன்றுமே வேண்டாம், அடித்தால் ஆற்றுக்கு அந்தப்பக்கம் கேட்கும். நான் மிக்ஸரிலிருந்து நேராக வயர் இழுத்துப் பதிந்தேன். சுத்தமான ஒலி என்று உன்னிடம் எவ்வளவு பீற்றிக்கொண்டேன்! சுத்தம்தான். கழுவித் துடைத்த சுத்தம்.

உன் பழுப்புத் தோள்பையில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர் இருக்குமே, நான் பொம்மை என்று கேலி செய்தது. அதில் மொத்தக் கூடமும் விழுந்திருக்கும். கோனியின் குரல் அமுங்கிப்போயிருக்கும், மற்றதெல்லாம் கேட்கும். இரண்டையும் சேர்த்தால் ஒரு முழு ராத்திரி கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

கேசட்டுகளைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பு. அனுப்பும்வரை டி.வி. மேல் வைக்காதே, ஸ்பீக்கர் பக்கத்திலும் வைக்காதே, காந்தம் அழித்துவிடும். நாடா தளர்ந்திருந்தால் பென்சிலை விட்டுச் சுற்று. ஆனால் போட்டுப் பார்க்காதே, பழைய மெஷின் நாடாவைத் தின்றுவிடும். பெட்டி மேல் "உடையும்" என்று எழுதாதே. எழுதினால்தான் தூக்கிப் போடுவார்கள்.

கடிதம் எழுதவேண்டும் என்றில்லை. கேசட் வந்தால் போதும்.

லியோ

ஜூன் 14 கேசட்டும் சேர்த்து. அன்றைக்கு உன் மைக் ஊளையிட்டது, வேறு வழியில்லாமல் அதன் சத்தத்தை இறக்கினேன். அது உனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன்.


கிளீவ்லாண்ட், ஒஹாயோ
20 பிப்ரவரி 1985

அன்புள்ள லியோ,

ஐந்தரை வருஷத்துக்குப் பிறகு வருகிற முதல் கடிதம். கேசட்டை எப்படிக் கட்டுவது என்று ஒரு முழுப் பத்தி. டோரீன் எப்படி இருக்கிறாள் என்று ஒரு சொல் இல்லை. இரண்டு தடவை திருப்பிப் பார்த்தேன், உறைக்குள்ளும் ஊதிப் பார்த்தேன். இல்லை.

இருக்கிறேன். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூக்குக்கண்ணாடிக்கடைப் பட்டறையில் கண்ணாடி தேய்க்கிறேன். பாதி ஊர் என் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறது. மில் மூடியதில் அப்பாவுக்கு வேலை போய்விட்டது, இப்போது நாள் முழுக்க ஏரிக்கரையில் தூண்டில் போடுகிறார், மீன் கொண்டுவருவதே இல்லை. எங்கள் தெருவில் மட்டும் ஐந்து குடும்பம் டெக்சாஸ் போய்விட்டது. உன்னை அங்கே பார்த்தார்களா என்று நான் யாரையும் கேட்கவில்லை. (ஒருத்தரைக் கேட்டேன்.)

கோனி என்னிடமும் பேசினாள். இப்போது ஈரி நகரத்துத் தொலைபேசி நிலையத்தில் சூப்பர்வைசர். அப்போது இங்கே கிளீவ்லாண்ட் நிலையத்தில் பகல் முழுக்க "இணைப்பில் இருங்கள்" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வந்து அதையே பாட்டாகப் பாடுவாள். ஞாபகம் இருக்கிறதா? முதல் வியாழக்கிழமை கூடத்தில் பதினோரு பேர். அதில் நான்கு பேர் போல்கா நடனம் என்று நினைத்து அக்கார்டியனைத் தேடிக்கொண்டு வந்த கிழவர்கள். கோனி வேலையிலிருந்து நேராக வந்தாள், தலையில் ஊசிகூட எடுக்கவில்லை. இந்த ஊரில் அதுவரைக்கும் பாட்டுக்குழுவில் பெண் என்றால் ஓரமாக நின்று சலங்கை கட்டிய டாம்பரின் குலுக்குவாள். இவள் நடுவில் வந்து நின்றாள். பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான்: "ஏய், வீட்டுக்குப் போய்ச் சமைடி!" கோனி மைக்கில் அந்த நிலையத்துக் குரலிலேயே, அவ்வளவு மரியாதையாக, "மன்னிக்கணும் சார், உங்க அழைப்பு துண்டிக்கப்படுது" என்றாள். டிரம்ஸ்காரன் ஒரு அடி போட்டான். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் பீர் மூக்கு வழியாக வந்தது.

அந்த இசைக்கு நியூ வேவ் என்று பெயர் என்பதே எங்களுக்கு அப்புறம் பத்திரிகை பார்த்துத்தான் தெரியும். எங்களுக்கு அது வியாழக்கிழமை. அவ்வளவுதான். மறுநாள் வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்காக பால்கா அம்மா அடுக்களையில் மீனை ஊறப்போட்டிருப்பாள். ஒவ்வொரு பாட்டிலும் அந்த வாசம். இரண்டாவது வருஷம் முன்வரிசை முழுக்கப் பெண்கள், எல்லார் தலையிலும் கோனி மாதிரி ஊசி. பால்கா அம்மா எட்டிப் பார்த்து, "ஏம்மா, இதுங்கள்ல ஒண்ணாவது தலை சீவிக்கிட்டு வராதா?" என்பாள். அந்தப் பெண்களில் மூன்று பேர் அப்புறம் கிட்டார் வாங்கினார்கள்.

இப்போதும் வியாழக்கிழமை வந்தால் தேய்க்கிற எந்திரத்தின் சத்தத்துக்குக் கால் தானாகத் தாளம் போடுகிறது. பக்கத்து மேசைக்காரி என்னைப் பைத்தியம் என்கிறாள்.

ஆறு கேசட் அனுப்புகிறேன், துணியில் சுற்றித்தான். ஏழாவது, ஜூன் 14, என்னிடமே இருக்கட்டும்.

மைக் ஊளையிட்டது என்கிறாய். எனக்கு அப்படி ஒரு சத்தம் ஞாபகமில்லை, லியோ.

டோரீன்


டல்லாஸ்
3 மார்ச் 1985

டோரீன்,

எப்படி இருக்கிறாய் என்று கேட்காதது தப்பு. எப்படி இருக்கிறாய்? நீதான் சொல்லிவிட்டாய். நான் இங்கே எண்ணெய்க் கிணறு தேடுகிறவர்களுக்கு பூமிக்குள் சத்தம் அனுப்பித் திரும்பி வருவதைக் கேட்கிற கருவி செய்கிறேன். நல்ல வேலை. வேலைக்குப் பிறகு ஒன்றும் இல்லை. இந்த ஊரில் யாரும் நடப்பதில்லை. ஏரி இல்லை, காற்றில் எதுவும் மணக்காது.

கேசட்டுகள் பத்திரமாக வந்தன. ஆனால் நீ ஏன் பேட்டரியே மாற்றவில்லை? மாதக்கணக்கில் ஒரே பேட்டரி! பேட்டரி தீரத்தீர மெஷின் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடும்போது பதிந்ததைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் விரட்டியடித்த மாதிரி ஓடும். டிரம்ஸ்காரன் அணில் மாதிரி அடிக்கிறான். வேகத்தைக் கையால் கூட்டிக் குறைக்கிற ஒரு டேப் டெக்கை ஆபீசிலிருந்து இரவல் வாங்கினேன். ஒரு கையால் உன் கேசட்டின் வேகத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு, காதை கோனியின் குரலில் வைத்துக்கொண்டு ஓட்டினேன். வண்டியைப் பள்ளத்தில் இறக்குகிற மாதிரி வேலை. மூன்று சாயங்காலம் ஒன்றும் ஒட்டவில்லை. கோனி ஒரு பக்கம் போனாள், பால்கா ஒரு பக்கம் போயிற்று.

நேற்று ஒட்டியது. பதினோரு வினாடி, அவ்வளவுதான். கோனி "இணைப்பில் இருங்கள்" என்று எடுக்கிறாள், அவள் பின்னால் திடீரென்று கூடம் முழுக்க எழுந்து நிற்கிறது. கிட்டார், டிரம்ஸ், யாரோ கிளாசைக் கீழே போடுகிற சத்தம், பால்கா அம்மா "கண்ணாடி! கண்ணாடி! செருப்பு போட்டுக்கிட்டு நடங்க!" என்று கத்துவது. நீ சிரிப்பது. நீ சிரிப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. டெக்கை நிறுத்திவிட்டு வெளியே போய் கார் நிறுத்துகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். திரும்பி வந்தால் வேகம் விலகிப்போயிருந்தது, மறுபடி முதலிலிருந்து.

ஒரு தொல்லை. ஆறு கேசட்டிலும் எவனோ ஒருத்தன் மைக்குக்குக் கிட்டே உட்கார்ந்து இருமிக்கொண்டே இருக்கிறான். விரலால் மேசையைத் தட்டுகிறான், தாளத்துக்குக்கூட இல்லை, பொறுமையில்லாமல். யார் அந்த ஆள்? நல்ல இடங்களை எல்லாம் கெடுத்துவைத்திருக்கிறான். வடிகட்டி பார்க்கிறேன், போகமாட்டேன் என்கிறான்.

இப்போது ஜூன் 14. கடைசி நிகழ்ச்சி அதுதான், கோனிக்கு அது கட்டாயம் வேண்டும். நீ ஊளை ஞாபகமில்லை என்கிறாய். மேடையில் நிற்பவருக்கு அது கேட்காது. ஊளை கிளம்புவதற்கு முன் ஒரு கோடு மாதிரி மெல்லிய சத்தம் வரும், ஹெட்போனில்தான் தெரியும். நீ மைக்கைக் கோனி பிடிக்கிற மாதிரிப் பிடிக்கவில்லை, கூரை தாழ்வு, ஸ்பீக்கர் உனக்குப் பக்கவாட்டில். ஒரு வினாடி தாமதித்திருந்தால் ஸ்பீக்கர் போயிருக்கும். சவுண்ட் பார்க்கிறவன் செய்யவேண்டியதைச் செய்தேன். படம் போட்டுக் காட்டச் சொன்னாலும் காட்டுகிறேன்.

அனுப்பு.

லியோ


கிளீவ்லாண்ட்
12 மார்ச் 1985

லியோ,

படம் வேண்டாம்.

நானும் இதை நிதானமாக எழுதத்தான் நினைத்தேன். நான்கு தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. இது ஐந்தாவது, இது எப்படி வந்தாலும் அனுப்பிவிடுவேன்.

ஜூன் 14-க்கு முந்தின ஞாயிறு கோனி என்னை பால்காவின் அடுக்களைக்குக் கூப்பிட்டாள். பால்கா அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "டோரீன், முன்வரிசையில நின்னு நீ பாடுறது எனக்கு மேடையில கேக்குது. இரண்டாவது குரலா வர்றியா? அடுத்த ஞாயிறு வண்டி நியூயார்க் போகுது. வியாழக்கிழமை கடைசிப் பாட்டை நீ பாடு, பசங்க ஒரு தடவை கேக்கட்டும்" என்றாள். நான் "நானா?" என்றேன். பால்கா அம்மா மாவுக்கையோடு என் முதுகில் ஒன்று வைத்து, "நீதாண்டி, பின்ன நானா?" என்றாள். அந்தச் சட்டையில் மாவுக்கை அச்சு ரொம்ப நாள் இருந்தது.

நான்கு நாள் காரில் ஜன்னலை மூடிக்கொண்டு பாடினேன். முதலில் உன்னிடம்தான் வந்து சொன்னேன். நீ "நல்லது" என்றாய். அப்புறம் மைக் வயர் பற்றி ஏதோ சொன்னாய். எனக்கு அப்போது அது போதுமாக இருந்தது. வயர் பற்றிப் பேசினால் நீ சந்தோஷமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு.

முதல் சரணம் பாடினேன். என் குரல் ஸ்பீக்கரிலிருந்து போய், போல்கா படங்கள் மாட்டியிருக்கிற பின்சுவரில் பட்டு என்னிடமே திரும்பி வந்தது. அது நான்தான் என்று புரிய எனக்கு ஒரு வரி ஆயிற்று. லியோ, அந்த ஒரு வரி நேரம் நான் எவ்வளவு பெரிதாக இருந்தேன் தெரியுமா? இரண்டாவது சரணத்தில் டிரம்ஸ் நின்றுவிடும் அல்லவா, குரல் மட்டும் தனியாகப் போகவேண்டும். அங்கே காணாமல் போனேன். வாயைத் திறக்கிறேன், சுவரிலிருந்து ஒன்றும் வரவில்லை. நான்தான் நின்றுவிட்டேன் என்று நினைத்து இன்னும் கத்தினேன். முன்வரிசைப் பெண்கள் பாவப்பட்டுக் கூடச் சேர்ந்து பாடினார்கள். முடிந்ததும் கோனி என் தோளை அமுக்கி, "பரவாயில்ல, முதல் தடவை எல்லாருக்கும் தொண்டை அடைக்கும்" என்றாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி போயிற்று. நான் இல்லாமல்.

அவர்கள் நியூயார்க்கில் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அடுத்த குளிர்காலத்திலேயே குழு உடைந்துவிட்டது, வேனை விற்றுத்தான் திரும்பி வந்தார்கள் என்கிறார்கள். இருக்கட்டும். நானும் அந்த வேனில் போய் ஒன்றும் ஆகாமல் திரும்பி வந்திருப்பேன். அது என்னுடைய தோல்வியாக இருந்திருக்கும். எனக்கு அதுகூட இல்லை.

மறுவாரம் என் வீட்டில் கிடந்த உன் மழைக்கோட்டையும் ஸ்குரூடிரைவர் பெட்டியையும் உன் அக்காவிடம் கொடுத்தனுப்பினேன். ஏன் என்று நான் சொல்லவில்லை. நீ கேட்கவும் இல்லை. ஒரு விளக்கு எரியாவிட்டால் சுவரையே பெயர்த்துப் பார்ப்பாய், ஒரு மனுஷி பேச்சை நிறுத்தினால் "சரி" என்று விட்டுவிடுவாய்.

இருமுகிற ஆள் யார் என்று கேட்டாயே. நீதான். கூடத்தில் எல்லா மேசையிலும் பீர் கொட்டும். காய்ந்த இடம் உன் மிக்ஸர் மேசை ஒன்றுதான், அதனால் என் பை எப்போதும் உன் ஆஷ்ட்ரே பக்கத்தில் இருக்கும். நீ ஹெட்போன் போட்டுக்கொண்டிருந்ததால் உன் இருமல் உனக்கே தெரியாது.

ஏழாவதையும் அனுப்புகிறேன். அன்றைக்கும் பை அங்கேதான் இருந்தது. ஹெட்போனில் கேள். பாட்டைக் கேட்காதே, கிட்டத்தில் கேள்.

டோரீன்


டல்லாஸ்
21 மார்ச் 1985

டோரீன்,

கேட்டேன்.

இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கையை வேறெங்கே வைப்பது என்று தெரியாமல் ஆபீஸ் கருவி ஒன்றைக் கழற்றி மாட்டினேன். அதில் ஒரு கோளாறும் இல்லை.

அந்த கேசட்டில் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியும். ஆனாலும் நான் என் கையால் எழுதவேண்டும் என்று நினைக்கிறேன். இரண்டாவது சரணம் ஆரம்பிக்கிறது. டிரம்ஸ் நிற்கிறது. குமிழ் திரும்புகிற சின்னச் சத்தம்கூடக் கேட்கிறது, அவ்வளவு பக்கத்தில் வைத்திருக்கிறாய். பிறகு பால்கா அம்மாவின் பையன் ஸ்டான், பார் பக்கத்திலிருந்து வந்து:

"என்னடா, சத்தத்தைக் காணோம்? நல்லாத்தானே பாடிக்கிட்டிருந்தா?"

பிறகு நான். காதில் ஹெட்போன் போட்டவன் மெதுவாகப் பேசமாட்டான்.

"நல்லாப் பாடுறா. அதான். ஞாயித்துக்கிழமை வண்டி ஏறிடுவாடா. போனா திரும்பி வருவாளா?"

"அதுக்கு?"

"அதுக்குத்தான்."

அவ்வளவுதான். ஊளை இல்லை. கோடு மாதிரி சத்தம் இல்லை. நான் மூன்று தடவை தேடினேன், ஏதாவது கருவியில் தெரிகிறதா என்று அளந்தும் பார்த்தேன். மைக் அவ்வளவு அமைதியாக இருந்தது. ஊளை என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், பிறகு நீ கேட்டால் சொல்லத் தயாராக வைத்திருந்தேன். இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே அது கேட்க ஆரம்பித்துவிட்டது. உனக்குப் படம் போட்டுக் காட்டுகிறேன் என்று எழுதியபோது உண்மையிலேயே போட்டிருப்பேன். அளவெல்லாம் சரியாக வந்திருக்கும்.

நீ சரியாகப் பாடாததால் இறக்கினேன் என்று நீ நினைத்துவிடக் கூடாது. நினைக்கவில்லை என்று இப்போது தெரிகிறது, மறுநாளே கேசட்டைக் கேட்டிருப்பாய். நீ பாடிய முதல் வரியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கோனியைவிட நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன், அது பொய். ஆனால் வேறு யாரும் இல்லை, நீ மட்டும்தான் அப்படிப் பாடுவாய் என்று தெரிந்தது. ஒரு விரல். இவ்வளவு தூரம் திருப்பினேன், தீப்பெட்டி அகலம்கூட இல்லை. உன்னைப் போகவிடக் கூடாது என்று செய்தேன். கடைசியில் ஊரை விட்டு வந்தது நான்.

மன்னிப்பு கேட்க எனக்கு வராது, கேட்டால் மோசமாகக் கேட்பேன். மோசமாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது வேலை. என் ஸ்பூலில் அந்தப் பாட்டு முதல் சரணத்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு இரண்டு நிமிஷம் வெறும் இரைச்சல், நான் செய்த வெறுமை. ஆக அந்தப் பாட்டு இருப்பது உன் கேசட்டில் மட்டும். நீ மைக் இல்லாமல் பாடுவது தூரத்தில், ஆனால் தெளிவாகக் கேட்கிறது. நீ நிற்கவே இல்லை டோரீன். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. அப்புறம் முன்வரிசை சேர்ந்துகொள்கிறது. உன்மேல் பாவப்பட்டுப் பாடினார்கள் என்று எழுதினாய். நான் நூறு தடவை கேட்டுவிட்டேன், அது பாவப்பட்ட குரல் இல்லை. அவர்களுக்கு அந்தப் பாட்டு வேண்டியிருந்தது. மொத்த ஒன்பது ஸ்பூலிலும் ஆறு கேசட்டிலும் இதற்குச் சமமாக ஒன்றும் இல்லை. தட்டில் கடைசிப் பாட்டாக இது வரவேண்டும்.

ஆனால் அதன் மேல் நான் பேசுகிறேன். ஏழு வினாடி. வெட்டத் தெரியும், பிளேடும் ஒட்டுநாடாவும் மேசை மேல் இருக்கிறது. வெட்டினால் என் பேச்சோடு உன்னுடைய இரண்டு வரியும் போய்விடும். வடிகட்டினாலும் உன் குரலும் சேர்ந்து மெலிகிறது. இரண்டு பேரும் ஒரே நாடாவில், ஒரே இடத்தில் இருக்கிறோம். இன்னொரு தடவை உன்னை நான் இறக்கமாட்டேன். ஆகவே அது அப்படியே இருக்கும், வாங்குகிற எல்லாரும் கேட்பார்கள், நீ சரி என்றால்.

நீ சொல்வதற்கு முன்னாலேயே கோனிக்கு எழுதிவிட்டேன். என்ன செய்தேன், ஏன் செய்தேன், உனக்குத் தொண்டை அடைக்கவில்லை என்று. நேற்றுத் தபாலில் சேர்த்தாயிற்று. உன் பதில் பார்த்துவிட்டு எழுதினால் தைரியம் போய்விடும் என்று பயம்.

லியோ


கிளீவ்லாண்ட்
2 ஏப்ரல் 1985

அன்புள்ள லியோ,

கோனி போன் செய்தாள். வேலை நேரத்தில், நிலையத்திலிருந்தே. எடுத்தவுடன் ஒரு வார்த்தை சொன்னாள் உன்னைப் பற்றி, அதை எழுதமாட்டேன், தபால்காரர் எங்கள் தெருக்காரர். அப்புறம் மூக்கை உறிஞ்சினாள். "ஆறு வருஷமா அந்தப் பொண்ணுக்குத் தொண்டை அடைச்சுதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்டி" என்றாள். அழுதாளா, ஜலதோஷமா தெரியவில்லை. கடைசியில், "அவன் பேச்சு அப்படியே இருக்கட்டும். வெட்ட வேண்டாம்" என்றாள். நானும் அதையே சொல்கிறேன். இருக்கட்டும்.

மறுநாளே கேசட்டைக் கேட்டிருப்பாய் என்கிறாய். மறுநாள் இல்லை, அன்றைக்கே, வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து. உன்னிடம் வந்து கேட்டிருந்தால் ஊளை என்றிருப்பாய். நீ சொல்லுகிற விதத்தில் நான் நம்பியும் இருப்பேன், அதுதான் பயம். அதனால் நீயாக வந்து சொல்வாய் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் என்று வைத்தேன். அப்புறம் ஒரு மாதம். அப்புறம் நீ டெக்சாஸ் போனதாக உன் அக்கா சொன்னாள். அந்த கேசட்டை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்லமாட்டேன். என் பாட்டுக்காக இல்லை. "போனா திரும்பி வருவாளா" என்று ஒருத்தன் கேட்கிறானே, அந்த இடத்துக்காக. உன் மேல் அவ்வளவு கோபம் இருந்த நாளிலும் அந்த இடம் வரும்போது நான் மெஷினை நிறுத்தமாட்டேன். என்னிடம் நேராக ஒரு தடவை அதைக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், மடையா. திரும்பி வந்திருப்பேன் என்று.

மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. பாதி தூரம் வந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். மீதியைத் தபாலில் செய்யமுடியாது.

ஒரு சேதி. மே 16, வியாழக்கிழமை, ஸ்விட்ச்போர்ட் ஒரே ஒரு தடவை பால்காவில் வாசிக்கப்போகிறார்கள். டிரம்ஸ்காரனுக்கு இப்போது தொப்பை, கிட்டார்க்காரனுக்கு இரட்டைக் குழந்தை, எல்லாரும் வருகிறார்கள். கோனி என்னை இரண்டாவது குரலுக்குக் கூப்பிட்டாள். "நானா?" என்று கேட்கவில்லை இந்தத் தடவை. பால்கா அம்மா சேதி கேட்டு, "அந்த இருமல்காரன் வர்றானா? வந்தா அவனுக்கு மீன் கிடையாது" என்றாள். (கொடுப்பாள். முதலில் திட்டுவாள்.)

நீ வருவதானால் வா. ஆனால் சவுண்ட் ஸ்டான் பார்ப்பான். அவனுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாக் குமிழையும் பாதியில் வைத்து டேப் ஒட்டிவிடுவதாகச் சொல்லியிருக்கிறான். அது போதும் எனக்கு. நீ அந்த மேசைக்குப் போகக்கூடாது. யோசித்துப் பார், மூன்று வருஷமும் பால்காவில் இருந்தாய், ஒரு வியாழக்கிழமைகூட நீ முன்வரிசையில் நின்றதில்லை. நாங்கள் எல்லாரும் நினைத்து நினைத்து ஏங்குகிற அந்த ராத்திரிகளை நீ காதில் வயரோடு கோனியின் குரலாக மட்டும்தான் கேட்டாய். உன் ஸ்பூலில் இருப்பது அதுதான். அது மெஷினின் தப்பு இல்லை.

ஹெட்போன் கொண்டுவராதே. டேப் ரெக்கார்டர் கொண்டுவராதே. முன்வரிசையில், பெண்களுக்கு நடுவில் வந்து நில், இடிப்பார்கள், பீர் கொட்டும், பொறுத்துக்கொள். இரண்டு கையையும் நான் மேடையிலிருந்து பார்க்கிற மாதிரி மேலே வை.

கடைசிப் பாட்டு என்னுடையது. இரண்டு சரணம்.

டோரீன்